கடன் வழக்குக் காகிதம் கைக்கு வந்தால் எப்படிப் படிப்பது

போன ஆடி மாதம் நம்பியூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சப்பையில் இருந்த காகிதக் கட்டை எடுத்து என் மேசைமேல் வைத்து, "அம்மிணி, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். பதினான்கு பக்கம். கோர்ட் ஆள் கொண்டுவந்து கொடுத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அதுவரைக்கும் சாமி அலமாரியில் வைத்திருந்தாராம். பதினேழு ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை என்றார். முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கவும் இல்லை.

நான் கோபிசெட்டிபாளையம் கச்சேரிமேட்டில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 1998-இல் டைப்ரைட்டரில் ஆரம்பித்தேன், இப்போது கம்ப்யூட்டர். வக்கீல்கள் சொல்லச் சொல்லத் தட்டிய பிராதுகளுக்கு, அதாவது வழக்குரைகளுக்கு, கணக்கே இல்லை. அதில் கடன் வழக்குதான் அதிகம். நான் வக்கீல் இல்லை, வழக்கை நடத்தச் சொல்லித்தர என்னால் முடியாது. ஆனால் அந்தக் காகிதம் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். எந்த வரி எல்லா வழக்கிலும் போடுவது, எந்த வரி உங்களுக்கென்றே எழுதியது என்று தெரியும். பதினான்கு பக்கத்தில் உங்களைப் பற்றியது ஏழெட்டு இடம்தான். அந்த இடங்களைக் கண்டுபிடித்துவிட்டால் பயம் பாதியாகும், வக்கீல் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்பது என்றும் தெரியும்.

முதலில், வாங்குங்கள்

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலை போட்டு நாட்டுச் சர்க்கரை காய்ச்சிக்கொண்டிருந்தார். 2012-இல் கோர்ட் ஆள் சம்மனோடு வந்தபோது, வாசலில் நின்றுகொண்டே "அவர் ஊர்ல இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சம்மன் வாங்காதவரை வழக்கு நடக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை வந்தபோது "வாங்க மாட்டேன்" என்றே சொன்னார். கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

நான் கோர்ட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கம். கடன் வழக்கு வந்தால் குடும்ப மானமே போய்விட்டதாக நம் பக்கத்தில் நினைக்கிறோம். ஒரம்பரைக்குத் தெரியக்கூடாது, பொண்ணு கொடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறோம். மறைக்கிற அந்த நாளெல்லாம் சட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிற நாள்.

சம்மனை வாங்க மறுத்தால், கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆள் அகப்படவில்லை என்றால் கதவில் ஒட்டலாம், பேப்பரில் விளம்பரம் போடலாம். எப்படியும் வழக்கு நடக்கும், நீங்கள் இல்லாமல் நடக்கும். அண்ணன் வழக்கில் 2013-இல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது அவர் ஆஜராகாமலே ஒருதலையாகத் தீர்ப்பு, ஆனது. ஒன்றரை லட்சம் அசலுக்கு அவர் மாதாமாதம் கையில் கொடுத்த வட்டி தொண்ணூறாயிரத்துக்கு மேல். அதைச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. 2015-இல் வாய்க்கால் ஓரத்து ஒன்றரை ஏக்கருக்கு ஜப்திக் காகிதம் வந்த பிறகுதான் அண்ணி அழுதுகொண்டு எனக்குப் போன் செய்தார்.

ஆகவே வாங்குங்கள். வாங்கிக் கையெழுத்துப் போடுவது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. காகிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே தேதி போடுங்கள். வீட்டுக்குள் வந்ததும் உங்கள் கட்டின் மேல் ஓரத்திலும் பென்சிலில் அதே தேதியை எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான்.

இது எந்தக் காகிதம்

முதல் பக்கத்தில் வழக்கு எண்ணுக்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்து இருக்கும். அதைப் பாருங்கள். ஓ.எஸ். அல்லது அ.வ. என்று இருந்தால் அசல் வழக்கு. பணம் கேட்டு இப்போதுதான் போட்டிருக்கிறார்கள், நீங்கள் பதில் சொல்ல இடம் இருக்கிறது. ஐ.ஏ. என்றால் அந்த வழக்குக்குள் போட்ட ஒரு இடைக்கால மனு. இ.பி. என்றால் தீர்ப்பு ஏற்கெனவே ஆகிவிட்டது, அதை நிறைவேற்றக் கேட்கிறார்கள். எஸ்.டி.சி. அல்லது சி.சி. என்று இருந்து, மாஜிஸ்திரேட் கோர்ட் பெயர் இருந்தால் அநேகமாகச் செக் வழக்கு. அது குற்றவியல் வழக்கு. அதில் இரண்டு வருடம் வரை சிறையும் செக் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமும் உண்டு, நேரில் ஆஜராக வேண்டும். ஒரே கடனுக்குச் செக் வழக்கும் பண வழக்கும் இரண்டும் வரலாம். ஒன்றுக்குப் போய்விட்டு இன்னொன்றை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் கோர்ட் காகிதம் இல்லை. வக்கீலின் லெட்டர்பேடில் இருக்கும், கோர்ட் சீல் இருக்காது. அதற்காக அலட்சியம் வேண்டாம். செக் திரும்பியதற்கான நோட்டீஸ் என்றால் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கே வராது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பேங்க் கடனுக்கு 60 நாள் கெடு சொல்லி வருகிற நோட்டீஸ் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வருவது. அதற்கு கோபி கோர்ட்டில் போய் நின்று பயனில்லை, கோயமுத்தூரில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயம்தான் இடம். வண்டிக் கடனுக்குச் சென்னையிலிருந்து மத்தியஸ்தர் பெயரில் வருகிற தபாலும் விளம்பரத் தபால் அல்ல. அவர் போடுகிற உத்தரவும் கோர்ட் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றப்படும்.

அதே முதல் பக்கத்தில் வாதி, பிரதிவாதி பெயர்கள் இருக்கும். வாதி உங்களிடம் பணம் கொடுத்தவர்தானா என்று பாருங்கள். சில நேரம் அவர் மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ கடன் நோட்டு (பிராமிசரி நோட்டு) இருக்கும். அப்புறம் நீங்கள் எத்தனையாவது பிரதிவாதி என்று பாருங்கள். நம்பியூர்ப் பெரியவர் 2-ஆம் பிரதிவாதி. கடன் வாங்கியது அவர் தங்கை மகன். "நான் சாட்சிக்குத்தானே அம்மிணி கையெழுத்துப் போட்டேன்" என்றார். நோட்டு ஜெராக்ஸைப் பார்த்தால் சாட்சி என்ற இடத்தில் அவர் கையெழுத்து இல்லை. கடன் பெற்றவர் என்ற இடத்தில், மாப்பிள்ளைக்குக் கீழே இரண்டாவதாக இருக்கிறது. சாட்சியாகப் போட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. கடன் பெற்றவராகவோ ஜாமீன்தாரராகவோ போட்டவர் முழுத் தொகைக்கும் பொறுப்பு. வாதி நினைத்தால் முதல் ஆளை விட்டுவிட்டு அவரிடமே வசூலிக்கலாம். பதினேழு நாளாக அந்த மனுஷன் தெரியாமல் இருந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

தேதிகள் இரண்டு

சம்மனில் ஒரு தேதி இருக்கும். அன்றைக்குக் காலை பத்தரைக்கு நீங்களோ உங்கள் வக்கீலோ ஆஜராக வேண்டும். எல்லோரும் இதை மட்டும் பார்க்கிறார்கள். இன்னொரு தேதி காகிதத்தில் பெரிதாக எழுதியிருக்காது, நீங்களே கணக்குப் போட வேண்டும். சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலமான பதில் தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் காரணம் பார்த்து மொத்தம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். நூல் வியாபாரம், மஞ்சள் மண்டி பாக்கி மாதிரி வணிகக் கடனாக இருந்து வணிக நீதிமன்றத்தில் போட்டிருந்தால் 120 நாளோடு கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு நீதிபதி நினைத்தாலும் வாங்க முடியாது.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. சம்மனிலோ பிராதின் தலைப்பிலோ "கட்டளை 37" என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு. அதில் 10 நாளுக்குள் ஆஜராகிறேன் என்று பதிவு செய்ய வேண்டும். அப்புறம் வாதி இன்னொரு சம்மன் அனுப்புவார். அதற்கும் 10 நாளுக்குள், எனக்கு எதிர்வாதம் இருக்கிறது, வழக்காட அனுமதி கொடுங்கள் என்று காரணத்தோடு மனுப் போட வேண்டும். போடாவிட்டால் சாட்சி விசாரணை இல்லாமலே தீர்ப்பு ஆகும். நான் தட்டியதில் பெரும்பாலானவை கட்டளை 7 விதி 1 என்று வரும் சாதாரண வழக்குகள். ஆனாலும் தேடிப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

பிராதில் எது பொது, எது உங்களுடையது

பிராது என்பது வாதியின் வழக்குரை. பத்தி பத்தியாக எண் போட்டிருக்கும். முதல் இரண்டு பத்தி விலாசம். உங்கள் விலாசம் சரியா என்று பாருங்கள். பழைய விலாசம் என்றால் அடுத்த தபால் எல்லாம் அங்கேதான் போகும்.

மூன்றாவது பத்தியை ஒட்டி இப்படி ஒன்று வரும்: "பிரதிவாதி தன் குடும்ப அவசரச் செலவுக்காகவும் விவசாயச் செலவுக்காகவும் வாதியிடம் ரொக்கமாகக் கடன் பெற்றுக்கொண்டு..." இந்த வரியை எத்தனை தடவை தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விவசாயமே இல்லாத பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் இதே வரிதான். அதேபோல், "வாதி பலமுறை நேரில் கேட்டும் பிரதிவாதி காலதாமதம் செய்து ஏமாற்றி வருகிறார்" என்ற வரி. அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. "நான் ஏமாத்துனேனாங்க அக்கா, பையனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்துருச்சு" என்பார்கள். உங்களை நினைத்து யாரும் அந்த வரியை எழுதவில்லை. எல்லாப் பிராதிலும் அது இருக்கும். அங்கே நின்றுவிடாமல் அடுத்ததற்குப் போங்கள்.

நீங்கள் பேனாவால் கோடு போட வேண்டியவை இவை: கடன் கொடுத்ததாகச் சொல்லும் தேதி, தொகை, வட்டி விகிதம், ரொக்கமா பேங்க் மூலமா, இடையில் நீங்கள் கட்டியதாக ஒப்புக்கொண்ட தொகை ஏதாவது உண்டா, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய தேதி, அதை நீங்கள் வாங்கியதாகச் சொல்கிறார்களா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி, தவறு, தெரியாது என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இந்த மூன்று வார்த்தையைத்தான் வக்கீல் உங்களிடம் கேட்கப் போகிறார். பதிலுரையில் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும் என்பது சட்டம். "எல்லாம் பொய்" என்று மொத்தமாக ஒரு வரி எழுதினால், தனியாக மறுக்காததை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

"வழக்கு மூலம்" என்று ஒரு பத்தி வரும். தேதிகளை மட்டும் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் வழக்கின் உயிர் அந்தத் தேதிகளில் இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

அதற்கடுத்து மதிப்பீடு. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 18.07.2015-இல் 2,00,000 ரூபாய். நோட்டில் இரண்டு ரூபாய் வட்டி எழுதியிருக்கிறது, ஆனால் வழக்கில் 12 சதவீதம் மட்டும் கேட்கிறார்கள். வழக்குப் போட்டது 18.03.2019. மாதம் 2,000 வீதம் 44 மாதத்துக்கு 88,000. இடையில் வரவு 1,000 போக 87,000. மொத்தம் 2,87,000. கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 8,610. இதை நீங்களும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். வட்டிக்கு வட்டி போட்டிருந்தாலும், வரவைக் கழிக்காமல் விட்டிருந்தாலும் இங்கேதான் தெரியும். ஃபைனான்ஸ், பேங்க் போட்ட வழக்கு என்றால் கணக்கு நகல் இணைத்திருப்பார்கள். உங்கள் ரசீதுகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தவணையும் அதில் ஏறியிருக்கிறதா என்று டிக் போடுங்கள்.

கடைசியில் பரிகாரம். வாதி என்ன கேட்கிறார் என்பது அங்கே இருக்கும்: இந்தத் தொகை, வழக்குத் தேதியிலிருந்து வசூலாகும் வரை வட்டி, செலவுத் தொகை. கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. வணிகக் கடனாக இல்லாதபோது, தீர்ப்புக்குப் பிந்திய வட்டி அசலுக்கு வருடம் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

நோட்டின் பின்பக்கம்

கட்டில் இருக்கிற காகிதங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது பிராமிசரி நோட்டின் ஜெராக்ஸ். முன்பக்கம் மட்டும் கொடுத்திருந்தால் பின்பக்கமும் வேண்டும் என்று வக்கீல் மூலம் கேளுங்கள். அசல் நோட்டு கோர்ட்டில் இருக்கும். அதைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு, நகல் மனுப் போட்டும் வாங்கலாம்.

ஏன் பின்பக்கம்? கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிக்கொடுத்த நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 18.07.2015 நோட்டுக்கு 18.07.2018-ஓடு காலம் முடிந்துவிட்டது. வழக்குப் போட்டதோ 2019 மார்ச். அப்படியானால் எப்படி எடுத்தார்கள்? நோட்டைத் திருப்புங்கள். "09.07.2018 தேதியில் மேற்படி கடனில் வட்டிக்காக ரூ.1,000 வரவு" என்று ஒரு வரி, அதன் கீழே கடன் வாங்கியவர் கையெழுத்து. இந்த ஆயிரம் ரூபாய் வரவு வைத்த நாளிலிருந்து இன்னொரு மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கிறது. காலக்கெடு முடியும் முன்பே, உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் அது செல்லும்.

அந்த வரியை நிதானமாகப் பாருங்கள். நீங்கள் கொடுத்ததா? நீங்கள் போட்ட கையெழுத்தா? மூன்று வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, இரண்டு லட்சம் கடனுக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் கொடுக்க நீங்கள் போனீர்களா? போயிருந்தால் போனேன் என்றே சொல்லுங்கள். போகவில்லை என்றால், வக்கீலிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான். பல வழக்கின் தலையெழுத்து அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. கையெழுத்தை நிபுணரிடம் அனுப்பி ஒப்பிடக் கோர்ட்டில் மனுப் போடலாம். அந்தத் தேதியை ஒட்டி வேறு இடத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து, பேங்க் சலான், பத்திரம், சொசைட்டிக் கடன் படிவம் எதுவானாலும் தேடி எடுத்து வையுங்கள்.

காலக்கெடு எண்ணும்போது இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். மே மாதம் உரிமையியல் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கெடு அதற்குள் முடிந்தால் ஜூனில் திறக்கிற நாளில் போட்டாலும் செல்லும். கொரோனாவுக்காக 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்கிறது. கெடு அந்தக் காலத்தின்மேல் விழுகிற வழக்குகளில் மூன்று வருடம் தாண்டிவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிடக்கூடாது.

முன்பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்பைப் பாருங்கள். ஸ்டாம்பே இல்லாத பிராமிசரி நோட்டைச் சாட்சியமாக ஏற்க முடியாது, அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி அதன் குறுக்கே கையெழுத்து ஓடியிருக்க வேண்டும். அப்புறம் தொகை, தேதி, பெயர் எழுதிய மையும் கையெழுத்து மையும் ஒன்றா? எழுதியவர் யார், சாட்சிகள் யார்? நோட்டு எழுதிய அன்று அவர்கள் அங்கே இருந்தார்களா?

வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பது நம் பக்கத்தில் எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. "வெறும் நோட்டுலதானுங்க போட்டுக் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னால் தப்பிக்க முடியாது. ஸ்டாம்பு ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள மற்றவருக்கு அதிகாரம் கொடுத்ததாகத்தான் சட்டம் பார்க்கிறது. கையெழுத்து உங்களுடையது என்று ஆனால், பணம் வாங்கியதாகவே கோர்ட் அனுமானிக்கும். வாங்கவில்லை, அல்லது இவ்வளவு வாங்கவில்லை என்று காட்டுவது உங்கள் வேலை. வாதியிடம் அன்றைக்கு அவ்வளவு பணம் இருந்ததா, உண்மையில் எவ்வளவு கைக்கு வந்தது, வட்டியை முன்கூட்டியே பிடித்தாரா, போனில் என்ன பேசினார், ஜிபேயில் எவ்வளவு போனது, இவற்றை எல்லாம் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். மீட்டர் வட்டி, தினவட்டி என்று வாங்கியிருந்தால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடன் வருகிற ஜப்தி மனு

பிராதோடு ஐ.ஏ. ஒன்றும் சேர்ந்து வருவது இங்கே வழக்கம். கடைசி நாலைந்து பக்கம் அதுதான். "பிரதிவாதி தன் சொத்தை அவசர அவசரமாக விற்றுவிட்டுத் தலைமறைவாக முயல்கிறார், ஆகவே தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய வேண்டும்" என்று இருக்கும். இதுவும் அச்சில் வார்த்த வரிதான். ஆனால் இதற்கு விளைவு உண்டு. இதற்குத் தனியாக எதிருரை போட வேண்டும். பிராதுக்குப் பதில் போட்டுவிட்டு இதை மறந்தால் சொத்து ஜப்தியில் விழும், வில்லங்கச் சான்றில் ஏறும், வழக்கு முடியும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

சொத்து விவரத்தில் சர்வே எண்ணைப் பட்டாவோடு ஒப்பிடுங்கள். அண்ணன் தம்பிப் பங்கு பிரிக்காத நிலமா, மனைவி பெயரில் உள்ளதா என்று பாருங்கள். விற்கிற எண்ணம் இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள், அல்லது ஈடு காட்டுகிறேன் என்று கேளுங்கள். ஜப்தி என்றதும் நாளைக்கே நிலம் போய்விடும் என்று அர்த்தமில்லை, அது கைமாறாமல் கட்டி வைப்பது மட்டும்தான்.

இறந்தவர் வாங்கிய கடன்

அப்பா காலமாகி ஆறு மாதம்கூட ஆகாமல் அம்மாவையும் பிள்ளைகளையும் 1, 2, 3-ஆம் பிரதிவாதிகளாகச் சேர்த்து வழக்கு வரும். பிராதில் "இறந்துபோன இன்னாரின் வாரிசுகள்" என்று இருக்கிறதா, நீங்களே கடன் வாங்கியதாக இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். வாரிசு என்ற முறையில் என்றால், அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்தான் பொறுப்பு. உங்கள் சம்பளத்திலோ நீங்கள் சம்பாதித்து வாங்கிய வீட்டிலோ கை வைக்க முடியாது. அப்பா கடனை மகன் தலையில் கட்டுகிற பழைய இந்துச் சட்ட விதி, 2005-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வாங்கிய கடன்களுக்குக் கிடையாது.

இ.பி. என்று வந்துவிட்டால்

தீர்ப்பு ஆகி 12 வருடம் வரை இ.பி. போடலாம், அதனால் மறந்துபோன வழக்குகூட வாசலில் வந்து நிற்கும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் அதை ரத்துசெய்யத் தீர்ப்பிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மனே முறையாக வரவில்லை என்றால், தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி இன்னொரு மனு.

ஜப்தி செய்கிற கோர்ட் ஊழியரான அமீனா வந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பெண்கள் நடுங்குகிறார்கள். சமையல் பாத்திரம், கட்டில், உடுத்துகிற துணி, தாலி இவற்றை ஜப்தி செய்ய முடியாது. கைத்தொழில் செய்கிறவரின் கருவிகள், விவசாயியின் பிழைப்புக்கு வேண்டிய ஏர்க் கருவியும் மாடும் விதையும், அவர் குடியிருக்கிற வீடு, இவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யக்கூடாது. ஆண்களையும், கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இருக்கிறார் என்று காட்டினால்தான் சிறைக்கு அனுப்ப முடியும். வசதியில்லாததற்காக உள்ளே தள்ளக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1980-லேயே சொல்லிவிட்டது. "நாளைக்கு வாரண்டு" என்று போனில் மிரட்டுகிறவர்களிடம் இ.பி. எண்ணைக் கேளுங்கள்.

யாரிடம் போவது

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். நம்பியூர்ப் பெரியவரை அங்கேதான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அவருக்கு இன்னும் 13 நாள் இருந்தது, பதிலுரை கெடுவுக்குள் தாக்கல் ஆனது. அவர் வேட்டி மடிப்பில் இப்போது ஒரு சின்னத் துண்டுச்சீட்டு இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவையும் அதில் எழுதி வாங்கிக்கொண்டு போகிறார். போன் பழக்கம் உள்ளவர்கள் இ-கோர்ட்ஸ் ஆப்பில் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும்.

கடன் உண்மை, கட்ட மனமும் இருக்கிறது என்றால் சமரசமாக முடித்துவைக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே முடிந்தால் வாதி கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், அதைச் சொல்லி வட்டியைக் குறைக்கப் பேசலாம். ஆனால் அங்கே போட்ட உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அண்ணன் வழக்கும் கடைசியில் அப்படித்தான் முடிந்தது, பத்துத் தவணையில். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்க வைத்தேன். கடைசித் தவணை கட்டிய அன்று, "எல்லாம் முடிஞ்சுதுங்க, நீங்க போலாம்" என்று வாதி தரப்பில் சொன்னதைக் கேட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. தீர்ப்புக்குப் பிறகு கோர்ட்டுக்கு வெளியே கட்டிய பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நாளைக்கு அதே தீர்ப்பை வைத்து மறுபடி இ.பி. போட்டாலும் கட்டியதைக் கோர்ட் ஏற்காது. வாதி தரப்பே முழுத் திருப்தி என்று மெமோ போட வேண்டும். அவர்கள் போடாவிட்டால் பணம் கட்டிய 30 நாளுக்குள் நாமே மனுப் போட வேண்டும். மெமோவை என் கடையிலேயே தட்டினேன், நாலே வரி. ஜப்தி நீக்கிய உத்தரவின் நகலை வாங்கிச் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கொடுத்து, இருபது நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். ஒன்றரை ஏக்கரும் சுத்தமாக இருந்தது. நோட்டையும் திரும்ப வாங்கி, அதன் குறுக்கே அண்ணனே கோடு போட்டார்.